நனையாத தலை

3 அக்டோபர் 2023, செவ்வாய்

எட்டாம் வகுப்புத் தமிழ் நோட்ஸ், இரண்டாம் மெய்ப்பு பார்த்துக் கொடுத்தேன். பதினாறு பக்கத்தில் நாற்பத்தொரு பிழை. அதில் முப்பது ஒற்றுப் பிழை. எழுதியவர் தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அச்சக முதலாளி, "ரொம்பத் தோண்டாதீங்க மேடம்" என்றார். தோண்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்.

காஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்திருக்கிறேன்.

மதியம் சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ரேவா என்று பெயர். ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிறவள். பம்பாயில் வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் பேசுகிறாள், படிப்பது எழுத்துக்கூட்டித்தானாம். காந்திமதியின் படங்களை நவம்பரில் சென்னையில் வைக்கிறார்கள்.

"நீங்க அவங்க தங்கைதானே ஆன்ட்டி? சவரிநாயகம் சார்தான் உங்க நம்பர் குடுத்தார்."

ஆமாம் என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பெரிய படத்துக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டுகிற குறிப்பு வேண்டுமாம். அறுபது சொல். தமிழில் நானே எழுதித் தர வேண்டும், நவம்பர் ஐந்துக்குள். படத்தில் இருப்பவர்கள் யாரென்று தெரிந்தால் அதையும் சேர்க்க வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அனுப்புங்கள் என்றேன்.

அக்கா போன மார்ச்சில் நாகர்கோவிலில் இறந்தாள். சேதி வந்தது ஒரு சனிக்கிழமை. அண்ணன் போனில் சொன்னான், "நமக்குத் தீட்டு கெடையாது, முழுக வேண்டாம்" என்று. நான் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

4 அக்டோபர், புதன்

படம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆறடிப் படம் உள்ளங்கையில். பார்த்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒரு வீட்டு முற்றம். வீடு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது. கதவு வழியாகக் கெண்டை மீன்கள் போய் வருகின்றன. கிணறு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், கவிழ்ந்திருக்கிறது. முற்றத்தில் நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள். கழுத்துக்கு மேல் யாருக்கும் தலை இல்லை. அந்த இடத்தில் ஆளுக்கொரு பித்தளைக் குடம், வாய் கீழே பார்த்து. குடத்துத் தண்ணீர் அவரவர் தோளிலேயே வழிகிறது. நடுவில் ஒரு கோரைப்பாய் யாரும் படுக்காமல் விரித்தபடி கிடக்கிறது. வலது ஓரத்தில் தாவணி போட்ட ஒரு பெண். அவளுக்கு மட்டும் மனிதத் தலை. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் நிற்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. முடி உலர்ந்து பறக்கிறது.

கூடவே ரேவாவின் குரல் பதிவு. படத்துக்குப் பின்னால் காந்திமதியே 'முழுக்கு' என்று எழுதியிருக்கிறாளாம். ரேவா நாகர்கோவில் பாதிரியார் ஒருவரைக் கேட்டாளாம். அவர், திருமுழுக்கு என்றால் ஞானஸ்நானம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழை இல்லை. கத்தோலிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"அவங்க கிறிஸ்டியனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க இல்லையா ஆன்ட்டி, அதனால இது தன் குடும்பம் முழுக்க தன்கூட அந்தத் தண்ணிக்குள்ள வரணும்னு ஆசைப்படற படம். ரொம்ப அன்பான படம். நடுவுல இருக்கிறது மாயக் கம்பளம்னு நினைக்கிறேன்."

கோரைப்பாயைக் கம்பளம் என்கிறாள். அட்டவணையில் பெயரும் போட்டாயிற்று: 'திருமுழுக்கு'. இரண்டே எழுத்துச் சேர்த்திருக்கிறாள். அந்த இரண்டெழுத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் நல்லதாகிவிட்டது.

6 அக்டோபர், வெள்ளி

ரேவாவுக்கு எழுத உட்கார்ந்தேன். படிப்புக்கு முழுக்குப் போட்டான் என்கிறோம், விட்டுத் தொலைத்தான் என்று அர்த்தம். ஒரு ஆளைத் தலைமுழுகுவது என்றால் அவர் செத்துப்போனதாக வைத்துக்கொண்டு குளிப்பது. பல வீடுகளில் இது வெறும் பேச்சு. எங்கள் வீட்டில் செய்தார்கள்.

1987 ஆகஸ்ட். அக்காவுக்கு இருபத்து நாலு, எனக்குப் பத்தொன்பது. சவரிநாயகம் அவளுக்கு லோயர், ஹையர் ஓவியப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்த டிராயிங் மாஸ்டர். திங்கட்கிழமை போனவள் வரவில்லை. வியாழக்கிழமை பதிவுத் திருமணம் என்று சேதி வந்தது. வெள்ளிக்கிழமை காலை அப்பா அவளுடைய பாயை முற்றத்தில் விரிக்கச் சொன்னார், பிணம் கிடத்துகிற மாதிரி தெற்கே தலை வைத்து. அத்தை, அப்பா, அம்மா, அண்ணன் என்று வரிசையாகக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள்.

அன்று எனக்குக் காய்ச்சல். நான் முழுகவில்லை.

இவ்வளவும் எழுதினேன். அனுப்பவில்லை.

8 அக்டோபர், ஞாயிறு

அண்ணன் வந்தான். டிசம்பரில் அப்பாவின் நூற்றாண்டு. அப்பா முப்பது வருஷம் தலைமையாசிரியர், பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் போடுகிறார்கள். மெய்ப்பு நான்தான் பார்க்கிறேன். அட்டையில் அப்பா படம், கோட்டு போட்டது.

படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தான்.

"இதுல நான் எது?"

"நாலாவது குடம்."

ரேவா சொன்ன விளக்கத்தையும் சொன்னேன். அவன் முகம் தெளிந்துவிட்டது.

"பெறகென்ன? அந்தப் பிள்ள தானா நல்ல அர்த்தம் கண்டுபிடிச்சிருக்கா. அதுல போயி நீ மண்ணள்ளிப் போடணுமாட்டி? அப்பாவுக்கு விழா எடுக்கிற நேரத்துல?"

"ஞானஸ்நானம்னு இருந்தா அப்பா சம்மதிப்பாராண்ணே?"

"அப்பா இல்லல்லா. நாமதானே இருக்கோம்."

போகும்போது தீபாவளிச் சேலைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டான். வருஷா வருஷம் எடுத்துத் தருவான்.

"இந்த வருஷம் நமக்குத் தீபாவளி உண்டாண்ணே?"

"ஏன் இல்லாம? நமக்கு யாரு செத்தா?"

வேணுமென்று சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. பச்சை என்றேன்.

9 அக்டோபர், திங்கள்

சிலிண்டர் வந்தது.

14 அக்டோபர், சனி

ரேவா மறுபடி கூப்பிட்டாள். காந்திமதி எங்கே சர்ரியலிசம் கற்றாள் என்று கேட்டாள். லோயர், ஹையர் பாடத்தில் அது கிடையாது என்றேன். சிரித்தாள். கேலி செய்தேன் என்று நினைத்திருப்பாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு சொல்லைச் சொன்னால் அது அப்படியே படமாகிவிடும். அத்தைக்குக் கால் ஆணி என்று வீட்டில் பேசினால், நோட்டில் அத்தையின் குதிகாலில் ஒரு இரும்பு ஆணி நிற்கும். அப்பா, கணக்கு வாத்தியார் என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார் என்றார். மறுநாள் விடைத்தாளின் ஓரத்தில் அப்பா, காதில் ஒரு முழம் மல்லிகை. அதற்கு அடி வாங்கினாள். அவள் அழவில்லை, அப்பா சொன்னதைத்தானே வரைந்தேன் என்றாள்.

"வாவ்" என்றாள் ரேவா. எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அப்ப இந்த ஓரத்துல நனையாம நிக்கற பொண்ணு? ஞானஸ்நானத்துக்கு முன்னாடி இருந்த காந்திமதி மேடம்னு நான் எழுதியிருக்கேன்."

"அது நான்."

"நீங்களா? நீங்க மட்டும் ஏன் ஆன்ட்டி நனையலை?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

"என்னைக்கு?"

குக்கர் சத்தம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் ரேவா ஒன்று சொன்னாள். "நீங்க எழுதறதைத்தான் போடுவேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்." என்னிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. மற்றவர்கள் எழுதியதை மாற்றுவதுதான் என் வேலை.

16 அக்டோபர், திங்கள்

அப்பாவின் மலர், முதல் மெய்ப்பு. வாழ்க்கைக் குறிப்பில் ஏழாவது வரி: 'அன்னாருக்கு ஒரு மகன், ஒரு மகள்.' எழுத்துப் பிழை இல்லை. ஒற்றும் சரி. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

22 அக்டோபர், ஞாயிறு

நாகர்கோவில் போனேன். அடுத்த வாரம் லாரி வந்து படங்களை ஏற்றிக்கொண்டு போகிறது, அதற்குள் நேரில் பார்க்க வேண்டும் என்று சவரிநாயகத்துக்குப் போன் செய்திருந்தேன். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். இவ்வளவு பக்கம்.

இரண்டு அறை வீடு. வாசலில் எழுபது வயதுக்காரர் ஒருவர் ஒல்லியாக நின்றார். எனக்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. பேருந்தில் வரும்போதே அதைத்தான் யோசித்தேன். கடைசிவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினேன்.

"வாம்மா, உள்ள வா. வெயில் கண்டமானமா இருக்கு" என்றார். பால் விடாமல் கட்டன் சாயா போட்டுத் தந்தார்.

படம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. போனில் தெரியாதது நேரில் தெரிந்தது. குடங்களில் அடுப்புக் கரி ஏறியிருக்கிறது. அம்மாவின் சேலையில் இடது முழங்கால் பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறது. ஓரத்துப் பெண்ணின் கையில் மடித்த துவாலை. அவள் பாதம் பட்டிருக்கிற மண்கூட உலர்ந்திருக்கிறது. அந்தக் காய்ந்த மண்ணுக்காகத்தான் அக்கா ரொம்ப நேரம் வேலை செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு வெடிப்பும் தனியாக இருந்தது.

"அவ ஞானஸ்நானம் வாங்கவே இல்லம்மா. கடைசி வரைக்கும் நெத்தியில திருநீறுதான். நான் கேக்கவும் இல்ல."

"அப்ப ஏன் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலை?"

"உங்க அப்பாவைப் பத்தி நான் என்னத்துக்குச் சொல்லணும்? அது உங்க வீட்டு விஷயம். சொல்லணும்னு பட்டா நீ சொல்லுவன்னுதான் உன் நம்பரைக் குடுத்தேன்."

மீன்களைப் பற்றிக் கேட்டேன். வீடு ஏன் தண்ணீருக்குள் இருக்கிறது? அன்று கிணற்றடியில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் முற்றத்தைத் தாண்டவில்லை.

அவர் சிரித்தார். "அது உன் கடுதாசியால வந்தது. தலைமுழுகிவிட்டோம்னு எழுதணும். நீ தலைமூழ்கிவிட்டோம்னு எழுதியிருந்த. அவ வாசிச்சிட்டு, 'ஐயோ, வீட்டோட முங்கிட்டாவ போலுக்கே'ன்னு சிரிச்சா. விழுந்து விழுந்து சிரிச்சா. பெறகு அழுதா. மூணு நாளு ஒண்ணும் தின்னல."

நான் மெய்ப்பு பார்த்துச் சம்பாதிக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு இதை வரஞ்சா. உன்னை மட்டும் தண்ணிக்கு வெளியில வரஞ்சா. கடுதாசில நானும் முழுகினேன்னு எழுதியிருக்காளேன்னு கேட்டேன். 'அது அப்பா சொல்லச் சொல்ல எழுதினது. கோமுவுக்குத் தலைக்கு ஊத்துனா மூச்சு இழுக்கும், அம்மா விடவே மாட்டா, அவ முழுகியிருக்க மாட்டா'ன்னா."

சாயா முழுவதையும் குடித்து முடித்தேன்.

"ஆமா. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கிளம்பும்போது பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே அந்த இன்லேண்டு லெட்டர். இதைக் கண்காட்சியில் வைக்கக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை, இது உன்னுடையது என்று கையில் வைத்தார். கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பேருந்தில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது.

23 அக்டோபர், திங்கள்

சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்து, சிவப்பு மைப் பேனாவையும் மேலே வைத்தேன். இன்றைக்கு எதையும் படிக்கக் கூடாது. கடிதத்தையும் அடுக்கில் வைத்துவிட்டேன். சுண்டலில் உப்புக் கூடிவிட்டது.

24 அக்டோபர், செவ்வாய்

விஜயதசமி. இன்று கட்டாயம் எதையாவது படிக்க வேண்டும். படித்தேன்.

முதல் மூன்று வரி அப்பா சொன்னது. 'காந்திமதிக்கு. இன்று காலை உன்னைத் தலைமூழ்கிவிட்டோம். இனிக் கடிதம் எழுத வேண்டாம்.' அப்பா இவ்வளவுதான் சொன்னார். ஒட்டித் தபாலில் போடு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வாசித்துப் பார்க்கவில்லை.

இன்லேண்டில் மீதி இடம் நிறைய இருந்தது. அதை நிரப்பியது நான். யாரும் சொல்லித் தரவில்லை.

'அத்தை முதலில் ஊற்றிக்கொண்டாள். அப்புறம் அப்பா, அம்மா, அண்ணன். உன் பாயை முற்றத்தில் விரித்திருந்தோம், நீ கிடக்கிற மாதிரி. அம்மா அழவில்லை. நான் மூன்று குடம் ஊற்றிக்கொண்டேன். எனக்குக் குளிரவில்லை.'

எழுதிவிட வேண்டியதுதான். அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் மறுநாள் வந்தது, தலைக்கு ஊற்றியதால் வந்தது. ஐந்து நாள் கிடந்தேன், மூச்சு இழுத்தது. முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் காய்ச்சலை ஒரு நாள் முன்னால் நகர்த்திக்கொண்டேன். எப்போது நகர்த்தினேன் என்பதுகூட நினைவில்லை. பிறகு அதை நானே நம்பியும்விட்டேன்.

அக்கா சரியாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா தடுத்தாள். "ஒனக்கு வேண்டாம்ட்டி, இழுக்கும்" என்று குடத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் அம்மாவின் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினேன். அதற்கு முந்தின நாள்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்கள் வந்து, வெள்ளிக்கிழமை என் நிச்சயத்துக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பையன் பாங்கில் வேலை. ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் அமையவில்லை. அவளால்தான் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்த பிறகும் சொன்னேன், பழக்கம்.

வெட்கமாக இருக்கிறது. அழுகை வரவில்லை. கடிதத்தில் மொத்தம் ஆறு பிழை.

27 அக்டோபர், வெள்ளி

மழை. துணி காயவில்லை. ஒன்பதாம் வகுப்பு வந்திருக்கிறது.

29 அக்டோபர், ஞாயிறு

மலரின் கடைசி மெய்ப்பு. ஏழாவது வரியில் 'ஒரு மகள்' என்பதை அடித்து, ஓரத்தில் 'இரு மகள்கள்' என்று எழுதினேன். சிவப்பு மை. நாளை காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அண்ணனுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பினேன், மறைத்துச் செய்ததாக இருக்கக் கூடாது.

30 அக்டோபர், திங்கள்

காலை ஏழு மணிக்கு அண்ணன் வாசலில் நிற்கிறான். செருப்பைக் கழற்றவில்லை.

"யாரைக் கேட்டு மாத்துன?"

"பிழை இருந்தா மாத்துறதுதானே என் வேலை."

"அவ நமக்கு இல்லன்னு ஆயி எத்தனை வருஷமாச்சு? அன்னைக்கு மூணு குடம் ஊத்துனது யாரு? நாங்க ஆளுக்கு ஒண்ணுதானே ஊத்துனோம்? நீதானட்டி மூணு ஊத்துன? இப்ப நீ நல்லவளாப் போறியோ?"

இந்த முப்பத்தாறு வருஷத்தில் அவன் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் காய்ச்சல் என்று சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அண்ணன் என் மேல் பாசமாகத்தான் இருந்திருக்கிறான். இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆமாண்ணே. நான்தான் ஊத்துனேன்" என்றேன்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "என்னமும் செய்யி. விழாவுக்கு மட்டும் வராத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பச்சைச் சேலை இருந்த பையை மட்டும் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோகத் தோன்றவில்லை போல.

31 அக்டோபர், செவ்வாய்

படங்கள் லாரியில் ஏறிவிட்டன என்று நாகர்கோவிலிலிருந்து போன். சுவர் வெறிச்சென்று இருக்கிறது என்றார்.

நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். சொல்லத் தொடங்கும்போது அந்தச் சொல் தானாக வந்தது.

"அத்தான், நான் முழுகினேன். காய்ச்சல் மறுநாள்தான் வந்தது. அம்மா விடலை, நான்தான் பிடுங்கி ஊத்துனேன். மூணு குடம்."

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"நானும் அப்பவே கேட்டேம்மா அவட்ட" என்றார். "ஒருவேளை நெசமாவே முழுகியிருந்தா என்ன செய்வன்னு. அவ வரஞ்சிட்டு இருந்தா. பிரஷைக் கீழ வச்சிட்டா. 'அப்படின்னா இந்தப் படத்துல எனக்குன்னு ஒருத்தருமே இல்லாமப் போயிருமே'ன்னா."

பிறகு சொன்னார்: "அப்பா அண்ணன் கதையை எழுதணும்னா எழுது. அந்தப் பிள்ளையை மட்டும் அப்படியே விட்டிரும்மா. அவ அந்த நெனப்புலதான் போனா."

சரி அத்தான் என்றேன். அவரும் சரி என்றார். இருவரும் எதற்குச் சரி என்று சொன்னோம் என்று தெரியவில்லை.

2 நவம்பர், வியாழன்

குறிப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது ரேவா சொன்னது. திருமுழுக்கு, அன்பான குடும்பம். சொல் சரியாக அறுபது வந்தது. எல்லாருக்கும் நல்லது. அக்காவுக்கு மட்டும் இல்லை. அவளுக்கு நடந்ததே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

இரண்டாவதில் எல்லாம் இருக்கிறது. அப்பா, பாய், கடிதம். ஓரத்தில் நிற்கிற தங்கை அன்று முழுகவில்லை, அதனால் நனையவில்லை. அத்தான் கேட்டது இதுதான். படித்தால் ரொம்ப நன்றாக இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு அந்தத் தங்கையைப் பிடிக்கும். எனக்கே பிடித்தது. வீட்டில் நான்கு பேரையும் காட்டிக்கொடுத்துவிட்டு நான் மட்டும் துவாலையோடு ஓரத்தில் நிற்கிறேன்.

மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அரிசி களைந்தேன்.

4 நவம்பர், சனி

ரேவா செய்தி அனுப்பினாள். நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும். படங்களை மாட்டியாயிற்று. எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால் நின்று, ஓரத்துப் பெண் யார் என்றுதான் கேட்கிறார்களாம்.

பயமாக இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து மனதில் ஒன்று தோன்றியிருக்கிறது, அதுவும் பயம்தான்.

5 நவம்பர், ஞாயிறு

காலை பத்து மணிக்கு அனுப்பினேன். அறுபது சொல்லைத் தாண்டுகிறது, குறைக்க இடமில்லை என்று ரேவாவிடம் சொன்னேன். அவள் படித்துவிட்டு வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, கடைசிச் சொல் வேணுமா? அதுக்கு முந்தின வரியோட நிறுத்திட்டா போதுமே" என்றாள். வேண்டும் என்றேன். ஒரு எழுத்து மாற்ற மாட்டேன் என்று அவள்தான் சொன்னாள்.

இரண்டு தடவை மெய்ப்பு பார்த்தேன். பிழை இல்லை. இங்கே ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன்.

'முழுக்கு. 1999. எண்ணெய் வண்ணம்.

இது ஞானஸ்நானம் அல்ல. தன் விருப்பப்படி மணம் செய்துகொண்ட மகளை இறந்தவளாக வைத்து, அவள் குடும்பம் தலைமுழுகிய காலை. பாய் அவளுடையது. குடங்களோடு நிற்பவர்கள் அத்தை, அப்பா, அம்மா, அண்ணன். ஓவியர் அங்கே இல்லை. அவருக்கு இது ஒரு கடிதத்தில் வந்தது. அந்தக் கடிதத்தில் முழுகினோம் என்பது மூழ்கினோம் என்று தவறாக எழுதப்பட்டிருந்ததால் வீடு நீருக்குள் இருக்கிறது. வலது ஓரத்தில் நிற்பவள் அந்தக் கடிதத்தை எழுதிய தங்கை. அவள் முழுகவில்லை என்று ஓவியர் கடைசிவரை நம்பினார். முழுகினாள்.

எழுதியது: தங்கை கோமதி.'